வெளிறிய கறுப்பு பிளாஸ்டிக்: மெருகூட்டுவதா, பெயின்ட் அடிப்பதா, மாற்றுவதா?

பழைய காரின் தகடு இன்னும் பளபளத்துக்கொண்டிருக்கும். அதன் வயதைக் காட்டிக்கொடுப்பது கறுப்பு பிளாஸ்டிக்தான். பம்பரின் அடிப்பகுதி, சக்கர வளைவைச் சுற்றிய பட்டை, கதவுகளில் ஒட்டிய பக்கப்பட்டை, வைப்பர்களுக்கு அடியில் இருக்கும் தட்டி என எல்லாம் சாம்பல் பூத்து நிற்கும். அதைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: ஒரு ஸ்ப்ரே டப்பா வாங்கிக் கறுப்பாக அடித்துவிட்டால் முடிந்தது.

பெயின்ட் நல்ல வழிதான். ஆனால் இருக்கும் வழிகளில் போனால் திரும்பி வர முடியாத வழியும் அதுதான். மற்ற எதைச் செய்தாலும் பிறகு மனம் மாறலாம். மேற்பரப்பிலேயே அச்சாகிவந்த நெளிவுகோடுகள் நிறைந்த பிளாஸ்டிக்கில் ஒருமுறை பெயின்ட் அடித்துவிட்டால், அதைச் சுத்தமாக எடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது அநேகமாக நடக்காது. அதனால் முழுக் காருக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்க வேண்டாம் என்பேன். துண்டு துண்டாகப் பார்த்து, இதற்கு இது, அதற்கு அது என்று முடிவெடுப்பதே சரி.

ஏன் வெளிறுகிறது

கறுப்பு பிளாஸ்டிக்கின் நிறம் மேலே பூசியது அல்ல, உள்ளேயே கலந்தது. பெரும்பாலும் கார்பன் பிளாக் என்ற மிக நுண்ணிய கரித்தூள். நிறம் கொடுப்பதோடு புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் அதன் வேலை. கூடவே கதிரைத் தாங்குவதற்கான வேறு சேர்மங்களும் கலந்திருக்கும். வருடக்கணக்கில் வெயிலில் நின்றால் அவை தீர்ந்துபோகின்றன. மேற்பரப்பில் இருக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன. பிளாஸ்டிக்கோடு கலந்திருந்த டால்க் போன்ற நிரப்பிகள் வெளியே தலைகாட்டுகின்றன. இந்தச் சொரசொரப்பான தோலில் பட்ட ஒளி நாலாபக்கமும் சிதறுவதால் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. விரலால் அழுத்தித் தேய்த்தால் நுனியில் மாவு போல ஒட்டும்.

எல்லா வெண்மையும் வெயிலால் வந்ததில்லை. தகட்டுக்கு மெழுகு போடும்போதும் பாலிஷ் செய்யும்போதும் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கின் நெளிவுகளுக்குள் அது புகுந்து காய்ந்து வெள்ளைத் திட்டாக நிற்கும். இதையும் முதுமை என்று நினைத்துப் பெயின்ட் வரை போகிறவர்கள் உண்டு. எண்ணெய்ப்பசை நீக்கும் சோப்புக் கரைசலைத் தெளித்து, மென்மையான பிரஷ்ஷால் எல்லாத் திசையிலும் தேய்த்துக் கழுவிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடலாம்.

கழுவிக் காய்ந்த பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். நனைந்த இடம் புதிது போலக் கறுத்து, காய்ந்ததும் சாம்பலுக்குத் திரும்பினால் நிறம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, தோல் மட்டும் சொரசொரத்திருக்கிறது என்று பொருள். தண்ணீர் அந்த வெடிப்புகளை நிரப்பியதால்தான் கறுத்தது. அதே வேலையை நீண்ட நாள் செய்யும் ஒரு பூச்சு போதும். நனைந்த பிறகும் திட்டுத்திட்டாக வெளிறியே இருந்தால் தோல் ஆழமாகவே கெட்டிருக்கிறது. அப்போது நிறம் சேர்க்கும் வழிகளைத்தான் பார்க்க வேண்டும். காசு செலவில்லாத இந்தச் சோதனை, கடையில் நிற்கும்போது கேட்கும் எந்த ஆலோசனையையும்விட அதிகம் சொல்லும்.

எந்த பிளாஸ்டிக்

பெயின்ட் பற்றி யோசிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் டப்பாவைத் திறக்கக் கூடாது. துண்டைக் கழற்றினால் பின்புறம் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே எழுத்துகள் அச்சாகியிருக்கும். பம்பர், சக்கர வளைவுப் பட்டை போன்றவற்றில் பெரும்பாலும் பிபி (PP), அல்லது பிபியோடு ஈபிடிஎம் (EPDM) ரப்பர் கலந்தது என்று இருக்கும். பிபி என்பது பாலிபுரோப்பிலீன். கிரில், பக்கக் கண்ணாடிகளின் கூடு ஆகியவற்றில் ஏபிஎஸ் (ABS) என்ற இன்னொரு வகை பிளாஸ்டிக் அடிக்கடி வரும்.

எழுத்து தெரியாவிட்டால் பின்புறத்திலிருந்து ஒரு சிறு சீவல் எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். மிதந்தால் பாலிபுரோப்பிலீன், மூழ்கினால் ஏபிஎஸ் என்பது கணக்கு. சுத்தமான பாலிபுரோப்பிலீனின் அடர்த்தி 0.9, ஏபிஎஸ்ஸுக்கு 1.05 அளவில் என்பதால் இந்தக் கணக்கு சரிதான். ஆனால் கார் பாகங்களில் வருவது பெரும்பாலும் டால்க் நிரப்பிய பாலிபுரோப்பிலீன். 20 சதவீதம் டால்க் சேர்ந்தாலே அதுவும் தண்ணீரின் அடர்த்தியான 1ஐத் தாண்டி மூழ்கிவிடும். எனவே மிதந்தால் நம்பலாம், மூழ்கினால் நம்ப முடியாது. சந்தேகம் வந்தால் பாலிபுரோப்பிலீன் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது.

இதில் இவ்வளவு அக்கறை எதற்கு என்றால், பாலிபுரோப்பிலீனில் எதுவும் எளிதில் ஒட்டாது. அதன் மேற்பரப்பு ஆற்றல் மீட்டருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டன்தான். ஏபிஎஸ்ஸில் அது 40ஐ ஒட்டி வரும். ஆற்றல் குறைந்த மேற்பரப்பில் திரவம் பரவிப் படியாமல் உருண்டு நிற்கும். தகட்டைச் சுத்தம் செய்தபின் தண்ணீர் தாள் போலப் பரவுகிறதா என்று பார்ப்பார்களே, அந்தச் சோதனை இங்கே செல்லாது. எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பாலிபுரோப்பிலீனில் தண்ணீர் முத்து முத்தாகத்தான் நிற்கும். தொழிற்சாலைகளில் பம்பருக்கு பெயின்ட் அடிக்கும் முன் அதன்மேல் தீச்சுடரை வேகமாக ஓட்டி மேற்பரப்பின் வேதியியலையே மாற்றுவார்கள். வீட்டு முற்றத்தில் அதைச் செய்ய முடியாது.

பளபளப்புத் திரவங்களும் வெப்பமும்

முதலில் எளிதானவை. டயருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பொதுவாக விற்கும் பளபளப்புத் திரவங்களில் பல சிலிகான் எண்ணெயை நம்பியவை. பூசியவுடன் கார் புதிதாகிவிடும். சில மழை, சில கழுவல்கள் போனால் மறுபடி சாம்பல்தான். சில வகைகள் எண்ணெய்ப்பசையோடு நின்று தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஒரு விசேஷத்துக்கு முந்தைய நாள் பூசுவதற்குச் சரி. ஆனால் நாளை பெயின்ட் அடிக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் இதைத் தொடவே வேண்டாம். நெளிவுகளுக்குள் தங்கிய சிலிகான், மேலே வரும் பெயின்ட்டை விலக்கித் தள்ளும். மீன்கண் என்று பெயின்டர்கள் சொல்லும் வட்டக் குழிகள் விழுவது இதனால்தான்.

அடுத்தது ஹீட் கன். வெப்பக் காற்றைப் பிடித்தால் சாம்பல் பிளாஸ்டிக் கண்ணெதிரே கறுத்துக்கொண்டு போகும், பார்க்கப் பிரமிப்பாக இருக்கும். சொரசொரத்த தோல் உருகிச் சமனாவதால் வரும் மாற்றம் அது. தீர்ந்துபோன பாதுகாப்புச் சேர்மங்கள் திரும்பி வருவதில்லை, அதனால் சில மாதங்களில் வெயில் தன் வேலையைத் தொடங்கிவிடும். பாலிபுரோப்பிலீன் 160 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும், ஹீட் கன்னோ அதைவிட மிக அதிகச் சூட்டைக் கக்கும். ஒரே இடத்தில் சற்று அதிகம் நிறுத்தினால் நெளிவுகள் மழுங்கி அந்த இடம் மட்டும் எண்ணெய் தடவியது போல மினுங்கும். விளிம்பு வளைந்தும் போகலாம். பக்கத்துத் தகட்டின் பெயின்ட்டையும் கண்ணாடியையும் சூடு தாக்கும். கழற்றி வைத்த துண்டில், நன்றாகக் கழுவியபின், கையை நிறுத்தாமல் ஓட்டத் தெரிந்தவருக்கு மட்டுமே இதைச் சொல்வேன். அதுவும் மேலே ஒரு பூச்சு போடுவதாக இருந்தால் மட்டும்.

சாயமும் செராமிக் பூச்சும்

பெரும்பாலான கார்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த வகையைத்தான். பிளாஸ்டிக் ரீஸ்டோரர் என்ற பெயரில் விற்கும் திரவங்களில் ஒரு வகை கறுப்பு நிறமியைக் கொண்டது. அது வெடிப்புகளுக்குள் இறங்கி நிறத்தை உள்ளிருந்து மீட்கும். இன்னொரு வகை நிறமில்லாத செராமிக் பூச்சு. அது காய்ந்து கெட்டியான மெல்லிய படலமாகி வெடிப்புகளை நிரப்பிவிடும். ஈரத்துணிச் சோதனையில் கறுத்த பிளாஸ்டிக்குக்கு இரண்டாவது போதும். திட்டாக நின்றதற்கு முதலாவது வேண்டும். நல்ல பூச்சு, நல்ல தயாரிப்பு இரண்டும் சேர்ந்தால் ஓராண்டோ அதற்கு மேலோ நிற்கும். நிழலில் நிற்கும் காரில் இன்னும் நீடிக்கும்.

இதன் பெரிய நன்மை, தோற்றம் மாறாது என்பதுதான். நெளிவுகளும் மங்கல் தன்மையும் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் திரும்பும். தேய்ந்து போகும்போதும் உரிந்து தொங்காது, மெல்ல வெளிறும். மறுபடி கழுவிப் பூசினால் போதும்.

தோற்றுப்போவது பெரும்பாலும் அவசரத்தால். கழுவிய பிளாஸ்டிக்கின் நெளிவுகளுக்குள்ளும் இணைப்புகளிலும் ஈரம் நெடுநேரம் நிற்கும். வைப்பர் தட்டியின் சல்லடைத் துளைகளுக்கு அடியிலிருந்து ஒரு சொட்டு வழிந்து வந்தால் அந்த வழித்தடம் முழுவதும் பூச்சு பிடிக்காமல் கோடாக நிற்கும். காற்றடித்து உலர்த்தி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அதன் பிறகே பூச்சுக் குப்பியைத் திறக்க வேண்டும். நிழலில், தொட்டால் சுடாத பிளாஸ்டிக்கில், ஒரு பட்டையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். பூசிய சில நிமிடங்களில் மைக்ரோஃபைபர் துணியால் மிகுதியைத் துடைத்தெடுப்பதுதான் உண்மையான வேலை. அங்கே விட்டுவைத்த சொட்டு காய்ந்தால் பளபளக்கும் திட்டாக நின்றுவிடும். நிறமி கொண்ட வகை பக்கத்துத் தகட்டில் பட்டால் கறை படியலாம் என்பதால் ஓரங்களுக்கு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பெயின்ட்

சரியாக அடித்த பெயின்ட்டுக்கு ஈடு இல்லை. நிறம் ஒரே சீராக இருக்கும், பல ஆண்டுகள் நிற்கும், சாயத்தால் மீட்க முடியாத அளவுக்குக் கெட்ட பிளாஸ்டிக்கையும் காப்பாற்றும். தவறாக அடித்த பெயின்ட் முதல் சில மாதங்களிலேயே விளிம்பில் தூக்கும். அங்கே நகத்தை விட்டு இழுத்தால் பாம்புச் சட்டை போல நீளமாகக் கழன்று வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெயின்ட்டின் தரத்தில் இல்லை, அடியில் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது.

ஏபிஎஸ் என்றால் வழி எளிது. கழுவி, லேசாகத் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர் அடித்து, மேலே பெயின்ட். ஒரே எச்சரிக்கை: ஏபிஎஸ்ஸைத் தின்னரால் துடைக்காதீர்கள். அசிட்டோன் அதைக் கரைத்துவிடும். வலுவான தின்னர்கள் வெடிப்பை உண்டாக்கும்.

பாலிபுரோப்பிலீனுக்கு அட்ஹீஷன் புரமோட்டர் என்று தனியாக ஒன்று உண்டு. பார்க்கத் தண்ணீர் போன்ற அந்தத் திரவத்தில் குளோரின் ஏற்றிய பாலியோலிஃபின் இருக்கும். அதன் ஒரு பகுதி பாலிபுரோப்பிலீனோடு இனம் சேரும், இன்னொரு பகுதி பெயின்ட்டோடு சேரும். ‘பிளாஸ்டிக்கிலும் ஒட்டும்’ என்று டப்பாவில் எழுதிய சாதாரண ஸ்ப்ரேக்கள் பலவும் ஏபிஎஸ் போன்றவற்றை மனதில் வைத்தவை. பின்பக்கத்தின் பொடி எழுத்தில் பாலிபுரோப்பிலீனும் பாலிஎத்திலீனும் விலக்கப்பட்டிருக்கும். அதைப் படியுங்கள். அட்ஹீஷன் புரமோட்டரை மெல்லிய கோட்டிங்காக, சுத்தமான வெறும் பிளாஸ்டிக்கின் மேல் நேரடியாக அடிக்க வேண்டும். இடையில் பழைய பெயின்ட்டோ வேறு பிரைமரோ இருந்தால் பயனில்லை. அடுத்த கோட்டிங்கை எவ்வளவு நேரத்துக்குள் அடிக்க வேண்டும் என்று டப்பாவில் சொல்லியிருப்பார்கள். அந்த நேரத்தைத் தாண்டினால் பிடிப்பு குறையும், மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

தேய்ப்பதிலும் கவனம் வேண்டும். உப்புத்தாளை அழுத்திப் பிடித்தால் பாலிபுரோப்பிலீன் பொடியாகாமல் நார் நாராகப் பிசிறும். அந்தப் பிசிறு பெயின்ட்டுக்கு அடியில் மயிர் போலத் தெரியும். நெளிவுகளின் உச்சியும் மழுங்கிப் பக்கத்துத் துண்டோடு பொருந்தாமல் போகும். சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் பட்டையால் சோப்பு நீரோடு சேர்த்துத் தேய்ப்பது நல்லது. நெளிவின் பள்ளம் வரை போகும், மாவு போன்ற கெட்ட தோலையும் எடுத்துவிடும். அந்த மாவை விட்டுவைத்தால் உலகத்தின் சிறந்த புரமோட்டரும் மாவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

பெயின்ட்டைப் பொறுத்தவரை, பிளாஸ்டிக் பட்டைகளுக்கென்றே வரும் டிரிம் பெயின்ட் வகையை எடுங்கள். பட்டைகள் வளையும், வெப்பத்தில் நீண்டு குளிரில் சுருங்கும். அவற்றோடு சேர்ந்து வளையாத பெயின்ட் கீறல் விடும். மெல்லிய கோட்டிங்குகளாக, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, ஒவ்வொன்றுக்கும் நடுவே காயவிட்டு அடிப்பதே முறை. ஒரே மூச்சில் கறுப்பாக்க முயன்றால் பெயின்ட் பள்ளங்களை நிரப்பி நெளிவுகளை விழுங்கிவிடும். நிறத் தேர்விலும் ஒன்று சொல்ல வேண்டும். பல கார்களின் பட்டைகள் புதிதாக இருந்தபோதும் கன்னங்கரேல் என்று இருந்ததில்லை, மங்கலான அடர் சாம்பலாகவே இருந்தன. வெயில் படாத பின்பக்கத்தைப் பார்த்து அதற்கு நெருக்கமான மங்கல் கறுப்பை எடுத்தால் கார் இயல்பாகத் தெரியும். பளபளக்கும் கறுப்பை அடித்தால் பெயின்ட் அடித்த கார் என்று தூரத்திலேயே தெரியும்.

கழற்றி அடிப்பதா, காரிலேயே டேப் ஒட்டி அடிப்பதா? கழற்ற முடிந்தால் கழற்றுவதே மேல், ஏனென்றால் பெயின்ட் தூக்கத் தொடங்குவது டேப் நின்ற விளிம்பில்தான். ஆனால் பழைய காரின் கிளிப்புகள் காய்ந்து முறியும் நிலையில் இருக்கும். கழற்றுவதற்கு முன்பே மாற்றுக் கிளிப்புகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிய பக்கப்பட்டைகளை இழுத்தால் வளைந்துவிடும். அவற்றை இருந்த இடத்திலேயே அடிப்பது பரவாயில்லை.

ஹார்டனர் கலந்த இரண்டு பாக பெயின்ட் உறுதியில் ஒரு படி மேல். அதில் பெரும்பாலும் ஐசோசயனேட் இருக்கும். சுவாசித்தால் நிரந்தரமான ஆஸ்துமா வரை கொண்டுபோகும் பொருள் அது. தூசுக்குக் கட்டும் முகக்கவசம் அதைத் தடுக்காது. தகுந்த சுவாசக் கவசமும் காற்றோட்டமும் உள்ள பட்டறையில், பழகியவர்களிடம் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கண்ணில் படாத பின்விளிம்பில் உள்ளங்கை அளவுக்கு முழு முறையையும் செய்து பாருங்கள். ஒரு வாரம் காயவிட்டு, பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு கறுப்பு வந்தால் அந்த முறையோடு முன்பக்கத்துக்குப் போகாதீர்கள்.

மற்றவை

உரித்தெடுக்கக்கூடிய ரப்பர் பூச்சு, பிளாஸ்டி டிப் போன்றது, பின்னால் மனம் மாறினால் உரிக்கலாம் என்ற வசதியோடு வருகிறது. ஆனால் மெல்லியதாக அடித்தால் உரிக்கும்போது துண்டு துண்டாகக் கிழியும். தடிமனாக அடித்தால் நெளிவுகள் மறையும். எரிபொருள் மூடிக்கு அருகே போடவே கூடாது, பெட்ரோல் பட்டால் கெட்டுவிடும். வினைல் ஒட்டுப்படம் வழவழப்பான பரப்புக்கானது, நெளிவுள்ள பிளாஸ்டிக்கில் சில வாரங்களில் தூக்கும். பிக்அப் வண்டிகளின் சரக்குத் தளத்துக்கு அடிக்கும் சொரசொரப்பான யூரிதேன் பூச்சு, கல்லடி படும் கீழ்ப்பகுதிகளுக்கு உறுதியானது. சாதாரணச் சிறிய காரில் அது கரடுமுரடாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

புதிய பாகம் மாற்றுவதைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வைப்பர் தட்டி போன்றவை பல கார்களுக்குத் தனித்துண்டாகக் கிடைக்கும். அதற்குப் புரமோட்டர், பெயின்ட், டேப், உப்புத்தாள், இரண்டு நாள் உழைப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் புதியதன் விலை அவ்வளவு உறுத்தாது. வெடித்த துண்டுக்கும் கொக்கி முறிந்த துண்டுக்கும் வேறு வழியே இல்லை. புதியதை மாட்டிய அன்றே செராமிக் பூச்சு போட்டால் பழையதைவிட மெதுவாகவே வெளிறும்.

எதற்கு எது

கிரில்லும் கண்ணாடிக் கூடும் ஏபிஎஸ்ஸாக இருந்தால் பெயின்ட்தான், யோசிக்க வேண்டாம். வழவழப்பான பக்கப்பட்டைகளுக்கும் பெயின்ட் ஏற்றது. சக்கர வளைவுக்கும் பம்பரின் கீழ்ப்பகுதிக்கும் நான் பெயின்ட் அடிக்க மாட்டேன். தினமும் கல் தெறிக்கும் இடம் அது. பெயின்ட் சில்லு பெயர்ந்தால் கீழே இருக்கும் சாம்பல் புள்ளி புள்ளியாகத் தெரியும், முன்பைவிட மோசமாக இருக்கும். அங்கே சாயம் அல்லது செராமிக், தேய்ந்ததும் மறுபடி அதுவே. வைப்பர் தட்டி வெயிலை நேராக வாங்கும் இடம் என்பதால் பூச்சு அங்கே சீக்கிரம் தேயும். மிகவும் கெட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். ஜன்னல் கண்ணாடியை ஒட்டிய கறுப்புப் பட்டைகளில் பல பிளாஸ்டிக் அல்ல, ரப்பர். அவற்றின்மேல் பெயின்ட் ஒருபோதும் வேண்டாம். முதல் முறை கண்ணாடியை இறக்கும்போதே கீறல் விழுந்து உதிரும்.

சீக்கிரம் விற்கப்போகும் காருக்குப் பெயின்ட்டை நான் சொல்ல மாட்டேன். வாங்க வருகிறவர் புதிதாக அடித்த கறுப்பைப் பார்த்தால், எங்கே இடித்தது என்றுதான் முதலில் தேடுவார். கழுவி, செராமிக் போட்டு, உள்ளபடி காட்டுவது நல்லது. இன்னும் பல ஆண்டுகள் ஓட்டப்போகும் கார் என்றால் ஒரு பருவம் சாயத்தில் விட்டுப் பாருங்கள். எந்தத் துண்டு தாங்கியது, எது மறுபடி வெளிறியது என்று தெரிந்தபின் வெளிறியதை மட்டும் கழற்றி அடிக்கலாம். அப்போது சாயத்தின் எச்சத்தை முழுவதும் எடுக்க ஸ்காட்ச் பிரைட் தேய்ப்பைச் சற்று ஆழமாகவும், பசை நீக்கும் கழுவலை இருமுறையும் செய்ய வேண்டியிருக்கும்.